ஒன்பதாம் நாள் ஊசி

என் அக்கா என்னை டாக்டர் என்று சொல்வாள். நான் டாக்டர் இல்லை. கால்நடை மருத்துவமனையில் ஊசி போடுகிற ஆள். காகிதத்தில் ஆய்வாளர் என்று ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது, ஆனால் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்னை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஊசி வர்றாரு, மாட்டப் புடிச்சுக் கட்டு" என்பார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அக்கா சொன்ன 'டாக்டர்'தான் என்னைக் கெடுத்தது. இருபத்தெட்டு வருஷமாக அவள் சொல்லி வருகிறாள். ஒருமுறைகூட நான் அதை இல்லையென்று திருத்தியதில்லை. திருத்துவானேன்? கேட்க நன்றாகத்தானே இருந்தது.

அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினைந்து. எனக்குத் தலைவாரிவிட்டதிலிருந்து வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது வரை எல்லாம் அவள்தான். பரீட்சையில் மூன்று தடவை கோட்டைவிட்டவனைக் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு இழுத்துப்போய், மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவரிடம், "இவன் கை ரொம்ப நிதானமான கை சார், பாத்துக்குங்க" என்று சொன்னவள். அந்தக் கை செய்த காரியத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

போன வருஷம் அக்கா பதினான்கு கிடாரிகளை வாங்கினாள். குளிர்ப்பிரதேசத்தில் ஒரு பெரிய பண்ணையிலிருந்து லாரியில் வந்து இறங்கின. நல்ல உயர்ஜாதி, பளபளவென்று, ஒவ்வொன்றும் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தது மாதிரி இருந்தன. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவை நான் கூட்டிப் போனேன். என் மகள் வயதுதான் அவருக்கு. வந்த நாளிலிருந்தே அவரைப் பார்த்தால் எனக்குள் ஏதோ ஒன்று புகைந்துகொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வயதில் பாதி, எனக்கு மேலதிகாரி!

அக்கா ஒரு கிடாரியின் காதை மடக்கிக் காட்டினாள். "பாருங்கம்மா, பொறந்ததுலேருந்து ஒரு உண்ணிகூட இதுங்க மேல ஏறினதில்லையாம். பண்ணை அவ்வளவு சுத்தமாம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதுதான்மா பயமா இருக்கு" என்றார்.

"சுத்தமா இருந்தா பயமா?"

"நம்ம பக்கத்துக் கன்னுக்குட்டிய பொறந்த மாசமே உண்ணி கடிச்சிடும். அது வாயில இருக்கற கிருமி ரத்தத்துல போய் ஒக்காந்துக்கும். ஆனா அந்த வயசுல அது பெருசா ஒண்ணும் பண்ணாது. சீம்பால் குடுத்த காவலும் இருக்கும், குட்டி ஒடம்புக்கே ஒரு தெம்பும் இருக்கும். ரெண்டு நாள் சோந்து கெடந்துட்டு எழுந்திரிச்சிடும். அதுக்கப்புறம் அந்தக் கிருமி கொஞ்சூண்டு ரத்தத்துலயே தங்கியிருக்கும், ஒடம்பும் அத மறக்காது. வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு. உங்க மாடுங்களுக்கு அந்த வயசு உண்ணியே இல்லாம போயிடுச்சு. இப்ப வளந்த ஒடம்பு, ரத்தத்துக்கு ஒண்ணும் தெரியாது. மொத உண்ணி கடிச்சதும் சிவப்பணு எல்லாம் ஒடஞ்சு மூத்திரம் செவப்பாப் போகும். நாலஞ்சு நாள் தாங்கினாலே அதிகம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏன்டா, அப்படியா?"

"ஆமாக்கா" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதே கிருமியை வலுக்குறைத்து உயிரோடு உறையவைத்த மருந்து. நைட்ரஜன் குடுவையில் புகைந்துகொண்டு வரும். உருக்கிய நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் முக்கியமான விஷயம். ஏழாம் நாளிலிருந்து மூன்று வாரம் வரை தினமும் காலையில் ஒவ்வொரு மாட்டுக்கும் காய்ச்சல் பார்த்து அட்டவணையில் எழுத வேண்டும்.

"காய்ச்சல் வரும். வரணும்" என்று, அக்கா உள்ளே போயிருந்தபோது, அவர் என்னிடம்தான் அழுத்திச் சொன்னார். "கிருமி பெருகினாத்தான் ஒடம்பு அத எதுத்து நிக்கக் கத்துக்கும். மஞ்ச மருந்தக் கைல எடுக்காதீங்க சார். அதப் போட்டா நாம வெச்ச கிருமி மொத்தமும் செத்துடும், கத்துக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. நாப்பத்தொரு டிகிரிக்கு மேல மூணு நாள் நின்னாலோ, மூத்திரம் நெறம் மாறினாலோதான் மருந்து. அதுவும் எனக்கு போன் பண்ணிட்டு."

மஞ்சள் மருந்து என்றால் ரத்தக் கிருமியைக் கொல்கிற ஊசி. பொடியைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சளாக இருக்கும். என் பையில் எப்போதும் இருக்கும். அவர் சொன்னது எல்லாமே எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை ஒரு சின்னப்பெண் எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்றுதான் அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஊசி போட்ட நாளில் மூன்று பண்ணைகளுக்குப் போனோம். மற்ற இரண்டிலும் நம் பக்கத்துக் கன்றுகள். அக்காவுடையது கடைசி. வழியில் ஜீப் பஞ்சராகி நேரம் போய்விட்டது. மருந்தை உருக்கி ஏழரை மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், அரைமணி நேரம் இருக்கிறது என்று சொல்லி மளமளவென்று போட்டு முடித்தார். பதினான்கில் ஒன்று மட்டும் மகா முரடு. உதைக்காரி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதை நாலு பேர் கயிறு போட்டு அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் நான் தனியாகப் போனேன். அக்கா கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுடைய செல்லம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கிடாரி, தீவனத் தொட்டிப் பக்கம் திரும்பாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. காது சுட்டது. தெர்மாமீட்டர் நாற்பதரை காட்டியது. இன்னும் நாலைந்து மாடுகளுக்கும் லேசாகச் சூடு ஏறியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். மருந்து உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்!

"நேத்து ராத்திரிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல" என்று அக்கா அழ ஆரம்பித்தாள். "நல்லா இருந்த மாட்டுக்கு நீங்கதான்டா நோயக் குத்தி விட்டுட்டுப் போயிட்டீங்க. ஏதாவது பண்ணுடா."

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்துப் பண்ணைத் தாடிக்காரர் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நிற்க வேண்டும்? அவரும் அதே குளிர்ப்பிரதேசப் பண்ணையில் இருபத்திரண்டு கிடாரிகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஊசி எப்படி வேலை செய்கிறது என்று நோட்டம் பார்க்க வந்திருந்தார்.

"என்ன டாக்டர் தம்பி" என்றார், தாடியைத் தடவிக்கொண்டே. "நோயாளி இங்க நிக்கிது, நீங்க நோட்டுல எழுதிக்கிட்டு நிக்கறீங்க?"

அக்கா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: "என் தம்பிக்குத் தெரியாததா? இப்பப் பாருங்க, ஒரே ஊசில எழுப்பி விட்டுடுவான்."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சல் வர வேண்டியதுதான், நாற்பத்தொன்றுகூட ஆகவில்லை, இரண்டு நாள் பொறு என்று. சொன்னால் நான் வெறுமனே கை கட்டி நிற்கிறவன், உத்தரவுக்குக் காத்திருக்கிறவன். ஊசி போட்டால் டாக்டர். நான் பையைத் திறந்தேன்.

பொட்டுக்கு மட்டும் போட்டிருந்தாலாவது ஒன்றோடு போயிருக்கும். நான்தான் வள்ளலாயிற்றே! நாளைக்கு இன்னொன்று படுத்தால் அக்கா மறுபடி அழுவாள், தாடிக்காரர் மறுபடி வருவார் என்று, நிற்கிற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் மருந்தை முழு அளவு ஏற்றினேன். பதிமூன்று மாடு. பதினான்காவதாக உதைக்காரியிடம் போனேன். தொடையில் ஒன்று விட்டது பாருங்கள், சிரிஞ்சு ஒருபக்கம், நான் ஒருபக்கம். தாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "போய்த் தொலை சனியனே" என்று அதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பொட்டு தீவனம் தின்றது. அக்கா போனில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் அட்டவணையைப் பிரித்தபோது குளிர் இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து உதைக்காரிக்கு மட்டும்தான் காய்ச்சல்: நாற்பது, நாற்பதரை, மறுபடி நாற்பது. ஐந்து நாள் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் தானாகத் தேறியது. மற்ற பதிமூன்றும் மாட்டுக்குச் சாதாரணமான முப்பத்தெட்டரையிலேயே உட்கார்ந்திருந்தன. அப்படியே எழுதினால் டாக்டரம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நானே எழுதினேன். இதற்கு முப்பத்தொன்பதே முக்கால், அதற்கு நாற்பதேகால், இது மூன்று நாள், அது இரண்டு நாள். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று கூட்டிக் குறைத்து, பேனாவை மாற்றி மாற்றிக்கூட எழுதினேன். பரீட்சையில் கோட்டைவிட்டவன் அந்த ஒரு தாளில் மட்டும் நூற்றுக்கு நூறு.

டாக்டரம்மா அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அருமையா பாத்திருக்கீங்க சார். எல்லாத்துக்கும் ஊசி நல்லா பிடிச்சிருக்கு" என்றார். அறுபது நாள் கழித்து மேய்ச்சலுக்கு விடலாம் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மறுபடி ஊசி போட்டிருக்கலாம். அறுபது நாள் அவகாசம் இருந்தது. அறுபது நாளில் எத்தனை காலை வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு காலையும் அவரோடு ஒரே ஜீப்பில் போனேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, ஒருவேளை பிடித்திருக்கும், ஒன்பது நாள் போதாதா என்ன என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். கடைசியில் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

மழை பெய்து புல் முளைத்தது. புல்லோடு உண்ணியும் வந்தது. மேய்ச்சலுக்கு விட்ட பதினாறாம் நாள் அக்கா போன் செய்தாள். குரலே இல்லை.

"காப்பித் தண்ணி மாதிரி போகுதுடா."

பொட்டுதான் முதலில் போயிற்று. கண் இமையைப் பிரித்தால் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. டாக்டரம்மா ஐந்து நாள் அந்தக் கொட்டகையை விட்டு வீட்டுக்குப் போகவில்லை. தீவன மூட்டைமேல் உட்கார்ந்தே தூங்கினார். மருந்து, சலைன், ஒரு மாட்டிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு ரத்தம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நானும் கூடவே நின்று பாட்டிலைப் பிடித்தேன். அன்றைக்குப் போடக்கூடாத மஞ்சள் ஊசியை இன்றைக்குப் போட வேண்டிய நேரத்தில் போட்டேன். நிதானமான கை! ஏழு மாடு செத்தது. ஆறு பிழைத்தது.

ஆறாம் நாள் காலை, கடைசியாகச் செத்ததைக் குழியில் இறக்கிவிட்டு வந்தபோது, டாக்டரம்மா அக்காவின் முன்னால் போய் நின்று கை கூப்பினார்.

"தப்பு என்னோடதும்மா. அன்னைக்கு பஞ்சரானதுல நேரம் ஆயிடுச்சு. எட்டு மணி நேரத்துக்குள்ளதான், ஆனா மருந்து அதுக்குள்ள செத்திருக்கணும். அத அங்கயே கொட்டிட்டு இன்னொரு நாள் வந்திருக்கணும். என் அவசரத்துல உங்க மாட்டக் கொன்னுட்டேன்."

நான் நாலடி தள்ளிக் காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டேதான் இருந்தேன். அக்கா அந்தப் பெண்ணை என்ன வார்த்தையெல்லாம் சொன்னாள் என்று இங்கே எழுத எனக்கு மனசில்லை. படித்த படிப்பிலிருந்து வளர்த்த வளர்ப்பு வரை இழுத்தாள். டாக்டரம்மா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எனக்கு வரவேண்டிய ஏச்சு ஒவ்வொன்றும் என் கண்ணெதிரே வேறொருவர் தலையில் போய் விழுந்தது. ஒரு பாட்டிலைக்கூட நான் கீழே போடவில்லை.

அக்கா மூச்சு வாங்க நிறுத்தியபோது டாக்டரம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு மூலையில் உதைக்காரி சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒருநாள்கூட ஒன்றும் ஆகவில்லை.

"அதுமேலயும் உண்ணி இருக்கே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "அதே குப்பி, அதே நேரம், அதே பண்ணையிலேருந்து வந்த மாடு. மருந்து செத்திருந்தா அது மட்டும் எப்படி?"

"அதுவா?" என்றாள் அக்கா, கசப்போடு. "அது சொல்பேச்சு கேக்காத ஜென்மம். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தப்ப என் தம்பி எல்லாத்துக்கும் மஞ்ச ஊசி போட்டுக் காப்பாத்தினான், அது மட்டும் ஒதச்சுத் தள்ளிட்டு நின்னுச்சு. அவன் மட்டும் அன்னைக்குப் போடலன்னா அத்தனையும் அப்பவே போயிருக்கும். நீ குத்தின லட்சணம் அப்படி!"

டாக்டரம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன். அவர் ஏதோ கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட ஆள் மாதிரி பார்த்தார். பிறகு அக்காவிடம், "சரிம்மா. நீங்க கொஞ்சம் படுங்க" என்றார். என் அக்காவின் எதிரில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்காவது போய் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜீப்பில் ஏறியதும் கேட்டார். "எத்தன மாட்டுக்கு?"

"பதிமூணு."

"அட்டவணை?"

"நானா எழுதினது."

அவர் அழுகிறாரோ என்று பக்கவாட்டில் பார்த்தேன். இல்லை. சாலையைத்தான் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நாளா நான் சரியாத் தூங்கல சார்" என்றார். "ஒவ்வொண்ணும் சாகறப்ப அந்தக் கடிகாரத்தத்தான் நெனச்சேன்."

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை அது!

"ரிப்போர்ட்ட மாத்தி எழுதிக்கலாம், அது பெருசில்ல. தாடிக்காரரோட இருபத்திரண்டும் அடுத்த வாரம் வந்து எறங்குது. எல்லாமே உண்ணி தெரியாத மாடு. நான் கால்ல விழாத கொறையாக் கேட்டும் ஊசி வேண்டாம்னுட்டார். அவரப் பாத்து இன்னும் எட்டுப் பேரு வேண்டாம்னுட்டாங்க. வியாழக்கெழம பால் நிலையத்துல கூட்டம் வெச்சிருக்கேன். நடந்தது இதுன்னு நான் சொன்னா, தன் தப்ப மறைக்க வேலைக்காரன் மேல பழி போடறாள்னுதான் நெனப்பாங்க." ஜீப்பை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். "நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. சொல்லுங்கன்னு நான் உத்தரவு போடமாட்டேன்."

உத்தரவு போட்டிருக்கலாம். போட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே செய்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை, பால் வண்டி கிளம்பிய பிறகு, ஈரத் தரையில் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாடிக்காரர் முன்வரிசையில். அக்கா ஓரமாக, தராசுப் பக்கத்தில். டாக்டரம்மா ஒரு சின்ன மேசையும் பெயர் எழுதும் நோட்டும் வைத்துக்கொண்டு பேசினார். யாரும் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. "ஏழு மாடு போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று தாடிக்காரர் கேட்டார். டாக்டரம்மா குனிந்து நோட்டைப் பார்த்தார். என் பக்கம்கூடத் திரும்பவில்லை.

நான் எழுந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "அதாவது, தடுப்பூசி போடப்பட்ட ஒன்பதாம் நாளில், உடல்வெப்பம் காரணமாக, சில கால்நடைகளுக்குத் தவறுதலாக மாற்று மருந்து செலுத்தப்பட்டுவிட்டது..."

"யோவ் ஊசி, என்னய்யா ரேடியோ மாதிரிப் பேசற?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். தாடிக்காரர் சிரிக்கவில்லை. அன்றைக்கு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தவர்தான், ஆனாலும் என் வாயால் வரட்டும் என்பது போல, "யார் போட்டது?" என்றார்.

"நான்" என்றேன்.

அதன் பிறகு எல்லாம் கொட்டியது. மருந்து நன்றாகத்தான் இருந்தது, காய்ச்சல் வந்ததே அதற்குச் சாட்சி. அதை நடுவிலேயே கொன்றவன் நான். நான் விட்டுவைத்த ஒரு மாடு மட்டும் இன்றைக்குக் கல்லு மாதிரி நிற்கிறது. அட்டவணை முழுக்கப் பொய். டாக்டரம்மா மேல் ஒரு தவறும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கேன் மூடிகளைப் பார்த்தபடிதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

பிறகு அக்கா எழுந்தாள்.

"அவனுக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள், எல்லோரையும் பார்த்து. குரல் கெஞ்சியது. வாழ்க்கையில் அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை, அந்த வேலைக்கான மனு நாளைத் தவிர. "அவன் டாக்டர் கெடையாது. ஊசி போடற ஆளு. மூணு தடவ பரீட்சைல பெயிலானவன். பெரிய படிப்பு விஷயம் அவனுக்கு என்ன தெரியும்? மாடு சாகப்போகுதேன்னு பதறிப் போட்டுட்டான். தெரியாமப் பண்ணினதுங்க. மன்னிச்சு விட்டுடுங்க."

கூட்டத்தில் தலைகள் அசைந்தன. "பாவம், தெரியாமப் பண்ணிட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். தாடிக்காரர்கூடத் தாடியைத் தடவ ஆரம்பித்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லி வந்த டாக்டர் பட்டத்தை என்னைக் காப்பாற்றுவதற்காக அக்கா தன் வாயாலேயே பறித்துக்கொண்டாள். பதிலுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு அதன் வழியே வெளியே போயிருந்தால் போதும். ஊர் மன்னித்திருக்கும். மனசு ஒரு நிமிஷம் அங்கேதான் போயிற்று. ஒரு நிமிஷம் இல்லை, அதற்கு மேலேயே.

"தெரியும்க்கா" என்றேன்.

"என்னது?"

"காய்ச்சல் வரணும்னு தெரியும். மருந்து போட்டா எல்லாம் வீணாப் போயிடும்னும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். டாக்டரம்மாவைத் திட்டிய வார்த்தைகளில் பாதியையாவது என்மேல் எறிவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்புறம் ஏன்டா போட்ட?"

"நீ அழுதக்கா."

"அழுதா?" என்றாள். "அழாதக்கா, ரெண்டு நாள் பொறுத்துக்கோ, இது நல்லதுக்குத்தான்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கமாட்டேனா? நீ சொல்லி நான் எதடா கேக்காம இருந்திருக்கேன்?"

கேட்டிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பி பொறுக்கச் சொல்றான்" என்று தாடிக்காரரிடமும் பெருமையாகத்தான் சொல்லியிருப்பாள். ஊசி போட்டால்தான் அவளுக்கு நான் டாக்டர் என்று நினைத்தது நான்தான். அவள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

பின்னால் தாடிக்காரர் மேசைக்குப் போய், "இருபத்திரண்டு, எழுதிக்குங்கம்மா. ஆனா ஊசிய நீங்களே போடணும், காய்ச்சல நானே பாத்துக்கறேன்" என்று சொல்வது கேட்டது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வரிசையில் நின்றார்கள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டி நேரே டாக்டரம்மாவிடம் போனாள். அன்றைக்கு அவர் கூப்பிய மாதிரியே கை கூப்பினாள். நான் செய்ய வேண்டியதையும் அவளே செய்துகொண்டிருந்தாள்.